மனநல வாட்டில் முதல் 90 நாள்: புதிய தாதியருக்கும் அவர்களைப் பழக்கி எடுப்பவர்களுக்கும்

கொழும்பில் ஒருவரைப் பகிடி பண்ண “அங்கொடைக்குப் போக வேண்டிய கேஸ்” என்ற ஒரு வரி போதும்; பெரிய மனநல வைத்தியசாலை இருப்பது அங்கொடையில்தான். அந்தப் பகிடியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைதான் மூன்று வருடம் தாதியர் பயிற்சி முடித்து, மனநல வாட்டுக்கு என்று எழுதிய கடிதத்தோடு ஒரு காலையில் வந்து நிற்கிறது. வீட்டில் அம்மாவின் முகம் வாடிவிட்டது. இடமாற்றத்துக்கு யாரைப் பிடிக்கலாம் என்று மாமா விசாரிக்கிறார். வாட்டிலோ, “பொறுமையா இருந்தாச் சரி மிஸ், போகப் போகப் பழகிடும்” என்று சொல்லிச் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

சத்திரசிகிச்சை வாட்டில் யாரும் இப்படிச் செய்வதில்லை. காயத்துக்கு மருந்து கட்டுவதை முதலில் பார்க்க வைப்பார்கள், பிறகு பக்கத்தில் நின்று செய்ய வைப்பார்கள், அதன் பிறகுதான் தனியே விடுவார்கள். மனநலத் தாதியமும் அதே போன்ற கைப்பழக்கம்தான். எங்கே நிற்பது, எதை எண்ணுவது, எந்தச் சொல்லில் கேட்பது, எந்தக் குழாயில் இரத்தம் எடுப்பது என்று எல்லாமே காட்டிக் கொடுக்கக் கூடியவை. காட்டிக் கொடுக்காமல் பொறுமையை மட்டும் எதிர்பார்த்தால் வந்தவர் ஆறு மாதத்தில் மாற்றம் கேட்பார். ஆள் இல்லை என்ற முறைப்பாட்டில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

உள்ளே வரும் வழி

இங்கிலாந்தில் மனநலத் தாதியம் படிப்பின் தொடக்கத்திலிருந்தே தனிப் பிரிவு. இலங்கையில் அப்படி இல்லை. பொதுத் தாதியர் பயிற்சி முடித்தவரே மனநல வாட்டுக்கும் போகிறார். அந்தப் பயிற்சிக்குள் மனநலப் பிரிவில் கழியும் காலம் சில கிழமைகள்தான்.

பொது வழி, சுகாதார அமைச்சு வர்த்தமானியில் மாணவத் தாதியருக்கு விண்ணப்பம் கோரும்போது போடுவது. உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் வேண்டும், பயிற்சி 3 வருடம், படிக்கும் காலத்தில் கொடுப்பனவு உண்டு. தகைமை விபரங்கள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும் என்பதால் அக்கா விண்ணப்பித்த ஆண்டின் வர்த்தமானியை வைத்துக்கொண்டு விண்ணப்பிக்க வேண்டாம். இரண்டாவது வழி 4 வருடப் பல்கலைக்கழகப் பட்டம். ஸ்ரீ ஜயவர்தனபுர, பேராதனை, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களில் இது இருக்கிறது. வேலையில் இருந்தபடி பட்டம் முடிக்க நினைக்கும் பதிவுபெற்ற தாதியருக்கு நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஆறு மாதத்தில் தாதியாகலாம் என்று சுவரொட்டி ஒட்டும் நிலையங்கள் தருவது உதவியாளர் சான்றிதழ். அதை வைத்துத் தாதியராகப் பதிய முடியாது. பணம் கட்டுவதற்கு முன் “இந்தச் சான்றிதழோடு பதிவு கிடைக்குமா?” என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தரத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது.

கொழும்பிலும் சுற்றிலும் மனநலப் பிரிவு என்றால் அங்கொடை, முல்லேரியாவிலுள்ள தேசிய மனநல நிறுவனம் முதலாவது. தேசிய வைத்தியசாலை, களுபோவில, ராகம போதனா வைத்தியசாலைகளிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. பிள்ளைகளுக்கு லேடி ரிஜ்வே. தெரிவு கிடைத்தால் புதியவருக்கு பொது வைத்தியசாலைக்குள் இருக்கும் சிறிய மனநல வாட்டு நல்லது என்பது எங்கள் எண்ணம். உடல் நோயும் மன நோயும் ஒரே கட்டிலில் கிடப்பதை அங்கே தினமும் பார்க்கலாம்.

நேர்முகப் பரீட்சையில்

தனியார் வைத்தியசாலைகளும் தொண்டு நிறுவனங்களும் ஆள் எடுக்கும்போது “ஏன் இந்தத் துறை?” என்று கேட்கிறார்கள். எல்லாரும் “சேவை செய்ய” என்கிறார்கள். அதிலிருந்து எதுவும் தெரியாது. கேட்க வேண்டியது இப்படி ஒரு கேள்வி: சாப்பாட்டு அறையில் ஒருவர் பிளேன்டீக் கோப்பையைச் சுவரில் அடித்து உடைக்கிறார், நீங்கள் கதவருகே நிற்கிறீர்கள், உள்ளே இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். என்ன செய்வீர்கள்?

“அன்பாகப் பேசுவேன்” என்பது அரைப் பதில். மற்ற ஆறு பேரை வெளியே எடுப்பது, துணைக்கு ஆள் கூப்பிடுவது, உடைந்த துண்டுகளை நினைவில் வைப்பது, ஒருவர் மட்டும் பேசுவது, பின்னாலிருந்து நெருங்காதிருப்பது ஆகிய ஐந்தில் மூன்றைச் சொன்னவரைத் தயங்காமல் எடுக்கலாம். “தெரியாது, அங்கே இருக்கும் மூத்தவரைக் கேட்பேன்” என்றவரையும் எடுக்கலாம். “பிடித்துக் கட்டுவேன்” என்றவரை வேறு வாட்டுக்கு அனுப்புங்கள்.

முதல் நாள்

தொங்கும் காதணி, நீளச் சங்கிலி, கழுத்தில் முடிச்சிட்டுத் தொங்கும் அடையாள அட்டை நாடா எல்லாம் வீட்டில் இருக்கட்டும். நாடா தேவையென்றால் இழுத்தால் கழன்று விடும் வகை வாங்குங்கள். சாவியை இடுப்போடு கட்டிக்கொள்ளுங்கள். மேசையில் வைத்த சாவி தொலைந்த சாவிதான்.

கட்டில்களைப் பார்ப்பதற்கு முன் வாட்டைச் சுற்றி நடந்து நான்கு விடயங்களைப் பாருங்கள். வெளியேறும் கதவுகள் எத்தனை, எந்தச் சாவி எதற்கு? அவசரத்தில் கூப்பிடும் மணியோ தொலைபேசியோ எங்கே? நாற்காலியில் இருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத மூலைகள் எவை? குளியலறைக் கதவு வெளியிலிருந்து திறக்குமா? கடைசிக் கேள்விக்கு “இல்லை” என்று பதில் வந்தால் அன்றைக்கே சிஸ்டரிடம் சொல்லி எழுதிவையுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. கத்தரிக்கோல், சவர அலகு, கரண்டி, ஊசி எல்லாம் டியூட்டி மாறும்போது எண்ணி ஒப்படைக்கப்படும் பொருட்கள். எண்ணாமல் “சரியா இருக்கு” என்று கையொப்பம் வைக்கும் பழக்கம் ஒரு கிழமையில் தொற்றிவிடும். முதல் நாளிலேயே வாய் விட்டு எண்ணுங்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

டிக்கெட்டை, அதாவது நோயாளியின் வாட்டுக் குறிப்பேட்டைப் படித்துவிட்டு ஆளைப் பார்ப்பதா, பார்த்துவிட்டுப் படிப்பதா என்று வாட்டுக்கு வாட்டு வாதம் நடக்கும். ஒவ்வாமை, தற்கொலை ஆபத்து, தாக்கிய வரலாறு, எந்த முறையில் அனுமதிக்கப்பட்டவர் என்ற நான்கையும் முன்கூட்டியே படியுங்கள். மற்றதை ஒரு முறை பேசிய பிறகு படிப்பது நல்லது. 15 வருடப் பழைய டிக்கெட்டில் யாரோ எழுதிய ஒரு பெயரடை, உங்கள் கண்ணை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். அனுமதி முறையைத் தெரிந்திருப்பது சட்டத்துக்காக. நம்மிடம் இன்னும் நடைமுறையில் இருப்பது 1873இல் தொடங்கி 1956இல் திருத்தப்பட்ட கட்டளைச் சட்டம். தானாக விரும்பி வந்தவரும் கட்டாயத்தில் சேர்க்கப்பட்டவரும் ஒரே நிலையில் இல்லை. “வீட்டுக்குப் போகணும்” என்று ஒருவர் சொல்லும்போது உங்கள் பதில் அதைப் பொறுத்தது.

கவனிப்பு: இதிலேதான் அதிகம் பிழை போகிறது

தற்கொலை ஆபத்துள்ளவரைக் கவனிப்பதில் படிகள் இருக்கின்றன. பொதுக் கவனிப்பு, 15 நிமிடத்துக்கு ஒரு தடவை, எப்போதும் கண்பார்வையில், கையெட்டும் தூரத்தில். எந்தப் படி என்பதை வைத்தியரும் பொறுப்புத் தாதியரும் எழுத்தில் தீர்மானிப்பார்கள். உங்கள் வேலை அதை எழுத்துப்படியே நடத்துவது.

15 நிமிடக் கவனிப்பில் மூன்று பிழைகள் திரும்பத் திரும்ப வரும். முதலாவது, தாளை வேலை முடிவில் ஒரேயடியாக நிரப்புவது. எல்லாப் பெட்டியிலும் ஒரே மையில் “தூங்குகிறார்” என்றிருக்கும் தாளைப் பார்த்தாலே தெரியும். இரண்டாவது, மணிக்கூடு தவறாமல் 10.00, 10.15, 10.30 என்று போவது. நோயாளிக்கும் மணி பார்க்கத் தெரியும். 15 நிமிடத்தைத் தாண்டாமல், 9இலும் 13இலும் 11இலும் போங்கள். மூன்றாவது, போர்வைக்குள் உருவம் தெரிந்ததும் திரும்பிவிடுவது. இரவில் மார்பு ஏறி இறங்குவதை இரண்டு மூச்சாவது பார்க்க வேண்டும்.

ஆபத்தான நேரங்களும் ஓரளவு ஊகிக்கக் கூடியவை. காலை 7, பகல் 1, இரவு 7 என்று டியூட்டி மாறும் நேரத்தில் எல்லாத் தாதியரும் மேசையைச் சுற்றி நிற்கிறார்கள், வாட்டு வெறுமையாகிறது. பார்வையாளர் நேரம் முடிந்து, வருவார் என்று காத்திருந்தவர் வராத பின்னேரம் இன்னொன்று. ஆகவே ஒப்படைப்பு நடக்கும்போது ஒருவர் தளத்தில் நிற்க வேண்டும். புதியவரை அந்த இடத்தில் நிறுத்திவிடும் வழக்கம் உண்டு. அது தவறு. அவர்தான் ஒப்படைப்பைக் கேட்க வேண்டியவர்.

வீட்டுக்குப் போன பிறகு முதல் கிழமையிலும் ஆபத்து உயர்ந்தே இருக்கும். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில் அடுத்த கிளினிக் திகதியை மட்டும் சொல்லி அனுப்பினால் போதாது. வீட்டில் குளிசையை யார் வைத்திருப்பார், எத்தனை நாளுக்குக் கொடுத்திருக்கிறோம், இரவில் மனசு குலைந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் கேளுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி உதவி எண் 1926. அதை ஒரு கடதாசியில் எழுதிக் கொடுங்கள்.

எந்தச் சொல்லில் கேட்பது

கொழும்பு வாட்டில் தமிழ் பேசும் தாதியர் ஒரு கை விரலில் எண்ணக் கூடியவராக இருப்பார். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, மாளிகாவத்தை, வத்தளை, மலையகத்திலிருந்து கடைக்கு வேலைக்கு வந்தவர்கள் என்று எல்லாத் தமிழும் உங்களிடம்தான் வந்து சேரும். ஒரு தமிழ் தெரிந்தால் எல்லாம் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள்.

“யோசனை” என்ற சொல்லையே எடுங்கள். யாழ்ப்பாணத்து அம்மா “கூட யோசிக்கிறன் மிஸ்” என்றால் கவலைப்படுகிறார் என்று அர்த்தம். சிந்தனை அதிகம் என்று சிங்களத்தில் பெயர்த்து டிக்கெட்டில் ஏற்றினால், வைத்தியர் எண்ண ஓட்டம் வேகமாயிருக்கிறது என்று வாசித்துவிடக் கூடும், சிகிச்சை வேறு பக்கம் போகும். நெஞ்சு அடைக்குது, உடம்பெல்லாம் எரியுது, தலைக்குள்ள பூச்சி ஊருது என்பவை பெரும்பாலும் மனச்சோர்வோ பதற்றமோ பேசும் பாஷை. ஆனாலும் “நெஞ்சு அடைக்குது” என்பவருக்கு முதலில் ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு மற்றதை யோசியுங்கள். ஜின், செய்வினை, சூனியம் என்று ஒருவர் சொன்னால் மறுக்கவும் வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம். “அது வந்தா உங்களுக்கு என்ன நடக்கும்?” என்று கேளுங்கள். ஊரில் பலர் நம்பும் விடயமா, இவர் ஒருவருக்கு மட்டும் கேட்கும் குரலா என்ற வித்தியாசம் அந்தப் பதிலில் வந்துவிடும். சந்தேகம் என்றால் அதே பள்ளிவாசலுக்கு அல்லது கோயிலுக்குப் போகும் உறவினர் ஒருவரிடம், “இது உங்கட பக்கம் வழமைதானா?” என்று கேளுங்கள்.

தற்கொலை பற்றிக் கேட்டால் நினைப்பை ஊட்டிவிடுவோமோ என்று எல்லாப் புதியவரும் பயப்படுவார்கள். கேட்பதால் நினைப்பு உண்டாவதில்லை. கேட்காமல் விட்டால்தான் தனியே கிடந்து வளரும். வெளியிலிருந்து உள்ளே போங்கள்: “விடியாமலே இருந்தா நல்லம்னு தோணுதா?” பிறகு, “செத்துப்போகணும்னு நினைப்பு வருதா?” பிறகு, “எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா?” கடைசியாக, “இதுவரைக்கும் உங்களை நிப்பாட்டி வச்சது என்ன?” அந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்ளுங்கள். “செத்துக் கித்துப் போற எண்ணம் ஒண்டும் இல்லைத்தானே?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். கேட்டவருக்கு வேண்டியதும் அதுதான்.

முயன்று பிழைத்து வந்தவரைப் “பொலிஸ் கேஸ் ஆகும்” என்று வெருட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சி இலங்கையில் குற்றமாக இருந்தது 1998 வரைதான்.

மொழிபெயர்ப்புக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளையைப் பிடிக்காதீர்கள். பத்து வயது மகன் அம்மாவிடம் “சாக நினைச்சீங்களா?” என்று கேட்க முடியாது, கேட்டாலும் அம்மா உண்மை சொல்ல மாட்டார். கணவனும் சரிவராது. வாட்டுக்கு வெளியிலாவது ஓர் உத்தியோகத்தரைத் தேடுங்கள். அவரிடம் “சுருக்க வேண்டாம், அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கொந்தளிப்பு வரும்போது

24 வயதுத் தம்பி ஒருவர், சேர்ந்து மூன்றாம் நாள். நடைபாதையில் போய்வந்துகொண்டிருக்கிறார். வேகம் கூடுகிறது, கை மூடித் திறக்கிறது, “ஃபோனைத் தாங்க” என்று மூன்றாம் முறை கத்துகிறார். கத்தத் தொடங்கியது இப்போது என்றாலும் வேகம் கூடியது அரை மணித்தியாலத்துக்கு முன்பு. அப்போதே பேசியிருக்க வேண்டும். சரி, இப்போது என்ன செய்யலாம்?

இரண்டு கை நீளத் தூரம் விடுங்கள். நேருக்கு நேர் நிற்காமல் கொஞ்சம் சரிந்து நில்லுங்கள். கைகள் தெரிய வேண்டும், பைக்குள் இருக்கக் கூடாது. வெளியேறும் வழி உங்களுக்கும் திறந்திருக்க வேண்டும், அவருக்கும் திறந்திருக்க வேண்டும். ஒருவர்தான் பேச வேண்டும். மூன்று பேர் மூன்று பக்கத்திலிருந்து “அமைதியா இருங்க” என்றால் யாருக்கும் அமைதி வராது.

“தம்பி, ஃபோன் கேட்டு மூணு தரம் வந்திட்டீங்க. யாரோட பேசணும்?”

“அம்மாவோட! நேத்தே சொன்னேன்!”

“நேத்தே சொல்லியிருக்கீங்க, ஒருத்தரும் செய்யல்ல. கோபம் வரும்தான். இப்ப சிஸ்டர்ட்ட கேட்டு எடுக்கிறேன். இங்க கதிரையில இருக்கிறீங்களா, வெளி விறாந்தையில நிக்கிறீங்களா?”

இங்கே நடந்ததைப் பாருங்கள். தாதி, தம்பி கேட்டதைத் திருப்பிச் சொன்னார், பிழையை ஒப்புக்கொண்டார், செய்யக் கூடியதை மட்டும் வாக்களித்தார், இரண்டு தெரிவு கொடுத்தார். இரண்டும் அவரால் தரக் கூடியவை. பிறகு உண்மையாகவே ஃபோன் எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த டியூட்டியில் வருபவர் அடி வாங்குவார்.

பேச்சு பலிக்காமல் தசை ஊசி வரை போனால், முதலில் வாயால் கொடுக்கும் மருந்தை நீட்டிப் பார்த்ததை எழுதுங்கள். ஊசிக்குப் பிறகுதான் தாதியின் வேலை தொடங்குகிறது. முதல் ஒரு மணித்தியாலம் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை நாடி, பிரஷர், சுவாச வீதம், வெப்பநிலை, விழிப்பு நிலை. பிறகு எழுந்து நடமாடும் வரை மணிக்கொரு தடவை. “தூங்கிட்டார், அப்பாடா” என்று விட்டுவிடும் அந்த முதல் மணித்தியாலத்தில்தான் சுவாசம் குறையும். மனநோய் மருந்தான ஒலன்சபின் தசை ஊசியையும் லோராசெபாம் போன்ற அமைதிப்படுத்தும் மருந்தின் தசை ஊசியையும் ஒரே நேரத்தில் போடுவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

ஹலோபெரிடோல் என்ற மனநோய் மருந்து போட்ட இளைஞருக்குச் சில மணித்தியாலத்திலோ ஓரிரு நாளிலோ கழுத்து ஒரு பக்கம் இழுத்து, கண் மேலே சொருகி, நாக்கு தடிக்கலாம். நடிப்பு என்று தள்ளாதீர்கள், பேய் என்று உறவினர் சொன்னாலும் கேட்காதீர்கள். தசை இறுக்கம் அது, ஊசியில் விரைவில் இறங்கிவிடும். உடனே டொக்டரைக் கூப்பிடுங்கள். இன்னொன்று கண்ணை ஏமாற்றும். மருந்தாலேயே வரும் அமைதியின்மை. கால் ஓரிடத்தில் நிற்காது, இருந்தால் எழும்புவார், எழுந்தால் நடப்பார். இதை நோயின் கொந்தளிப்பு என்று எண்ணி இன்னும் மருந்து ஏற்றினால் இன்னும் மோசமாகும். “உள்ளுக்குள்ள பதறுதா, கால் சும்மா இருக்க விடுதில்லையா?” என்று கேட்டால் பிடிபடும்.

குளிசையும் ஊசியும்

குளிசை கொடுக்கும்போது ஒரு முழுக் கோப்பை தண்ணீர் கொடுங்கள், ஒரு மிடறு போதாது. விழுங்கியதும் ஒரு நிமிடம் நின்று ஏதாவது பேசுங்கள். கன்னத்துக்குள் குளிசை வைத்துக்கொண்டு தெளிவாகப் பேசுவது கஷ்டம். வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடிப்பதை விட இது மரியாதையான வழி.

மாதாந்த நீண்டகால ஊசிகளில் பலவற்றை எண்ணெயில் கரைத்திருப்பார்கள். ஃபுளூபெனசின் டெகனோவேட் வழக்கமாக 1 மி.லீ.க்கு 25 மி.கி., நல்லெண்ணெயில். ஆகவே எள்ளு ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்பது கட்டாயம். “நல்லெண்ணெய் சாப்பிட்டா கடிக்குமா?” என்றால் எவருக்கும் விளங்கும். 21 கேஜ் நீள ஊசி எடுங்கள், மருந்தை ஏற்றிய ஊசியை மாற்றிவிட்டுக் காய்ந்த ஊசியால் போடுங்கள். தோலை 2 முதல் 3 செ.மீ. ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து, 1 மி.லீ.க்கு 10 செக்கன் என்ற வேகத்தில் ஏற்றி, இன்னும் 10 செக்கன் பொறுத்து ஊசியை எடுத்த பிறகு தோலை விடுங்கள். தேய்க்கக் கூடாது. அவசரப்பட்டால் எண்ணெய் திரும்பி வழியும், கட்டி வைக்கும். அடுத்த மாதம் அவர் கிளினிக்குக்கு வராமல் போவதற்கு அந்தக் கட்டியே காரணமாகும். இடது வலது எது என்று அட்டையில் எழுதுங்கள், அடுத்த முறை மற்றப் பக்கம்.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லிதியத்தின் அளவைப் பார்க்க இரத்தம் எடுப்பது கடைசி வேளை மருந்துக்கு 12 மணித்தியாலம் கழித்து. இரவு 8க்குக் குடித்தவருக்குக் காலை 8க்கு எடுத்துவிட்டுத்தான் காலை மருந்து. புதியவர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது: பச்சை மூடிக் குழாய். அதில் இரத்தம் உறையாமலிருக்கப் பூசியிருப்பதே பெரும்பாலும் லிதியம் கலந்த ஹெபரின். அதில் எடுத்தால் ரிப்போர்ட் பொய்யாக உயரும், வைத்தியர் மருந்தைக் குறைப்பார், நோய் திரும்பும். வழக்கமாக எதிர்பார்க்கும் அளவு லீற்றருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை. 1.5க்கு மேல் நஞ்சு. ஆனால் ரிப்போர்ட் வரும் வரை காத்திராதீர்கள். கை பெரிதாக நடுங்கி, வாந்தி, வயிற்றோட்டம், தள்ளாட்டம் என்றால் அடுத்த வேளையை நிறுத்தி வைத்து டொக்டருக்குச் சொல்லுங்கள். கொழும்பு வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல், முதுகு நோவுக்குப் பார்மசியில் டைக்ளோபினக் வாங்கிப் போட்டவருக்கு இது வருவது புதினமல்ல.

மற்ற மருந்துக்கு இறங்காத மனநோய்க்குக் கொடுக்கும் குளோசபின் என்றால் இரத்தப் பரிசோதனை எல்லாருக்கும் நினைவிருக்கும். முதல் 18 கிழமை கிழமைக்கொரு தடவை, வெள்ளணு 3.0க்கோ நடுநிலை வெள்ளணு (நியூட்ரோபில்) 1.5க்கோ (லீற்றருக்கு 10⁹ கணக்கில்) கீழே போனால் நிறுத்தம். மறந்துபோவது மலச்சிக்கல். ஆளைக் கொல்லக் கூடியது அது. ஒவ்வொரு நாளும் “வெளிக்குப் போனீங்களா?” என்று கேட்டு எழுதுங்கள். 48 மணித்தியாலத்துக்கு மேல் மருந்து தவறியிருந்தால் பழைய அளவில் திரும்பக் கொடுக்கக் கூடாது, 12.5 மி.கி.யிலிருந்து ஏற வேண்டும். “வீட்டில் மூன்று நாள் போடவில்லை” என்பதை அனுமதிக்கும்போது கேட்பது தாதிதான். சிகரெட்டை நிறுத்தினால் இரத்தத்தில் குளோசபின் அளவு ஏறும் என்பதையும் டொக்டருக்கு ஞாபகமூட்டுங்கள்.

மின்னதிர்வுச் சிகிச்சைக்கு அனுப்புவதற்கு முன் திண்ம உணவு 6 மணித்தியாலம் இல்லை, சம்மதக் கடிதம், பொய்ப்பல் கழற்றல், நகப்பூச்சு துடைத்தல் எல்லாம் வழக்கமான பட்டியலில் இருக்கும். அதில் பெரும்பாலும் இல்லாத ஒன்று தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய். முந்தின நாளே தலை முழுகி எண்ணெய் வைக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மின்வாய் சரியாகப் பிடிக்காது. மகளுக்குத் தலை வாரி எண்ணெய் தடவி அனுப்பும் அம்மாவுக்கு இதைக் காரணத்தோடு சொல்லுங்கள்.

உடம்பை மறக்க வேண்டாம். சாராயமோ கசிப்போ நிறுத்திய மூன்றாம் நாள் ஒருவர் சுவரில் பூச்சி ஊருது என்று தட்டினால் அது முதலில் உடல் அவசரம். நடுக்கம் முதல் நாளிலேயே தொடங்கும், வலிப்பு 48 மணித்தியாலத்துக்குள், மதிமயக்கம் 48க்கும் 96க்கும் இடையில். குளுக்கோஸ் ஏற்ற முன் தயமின் (விற்றமின் B1). அந்த வரிசை மாறக் கூடாது.

எழுதும் முறை

டிக்கெட்டில் பெயரடை எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். “ஆக்ரோஷமாக இருந்தார்” என்பது யாருக்கும் உதவாது. “10.20க்கு ஃபோன் கேட்டார், மறுத்தபோது கதவை மூன்று முறை உதைத்தார், விறாந்தையில் 10 நிமிடம் நின்ற பின் அமைதி” என்றால் அடுத்தவருக்கு எது தூண்டியது, எது தணித்தது இரண்டும் கிடைக்கும். “ஒத்துழைக்கவில்லை” என்ற சொல்லை முற்றாக விட்டுவிடுங்கள். குளிசை வேண்டாம் என்றாரா, வாய் உலர்கிறது என்று வேண்டாம் என்றாரா என்பதே கேள்வி. “விசர்”, “பைத்தியம்” என்பவை ஒப்படைப்பின்போது பகிடிக்கும் வரக் கூடாது. மேசைப் பேச்சு கட்டிலுக்குக் கேட்கும்.

பழக்கி எடுப்பவர்களுக்கு

சிஸ்டர்மாருக்கும் பொறுப்புத் தாதியருக்கும் இந்தப் பகுதி. புதியவருக்கு ஒரு மூத்தவரைப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். இருவரின் டியூட்டியும் முதல் நான்கு கிழமை ஒன்றாகவே விழ வேண்டும். அட்டவணை போடுபவருக்குத் தலையிடிதான், ஆனால் இது இல்லாமல் மற்றது எதுவும் நடக்காது. முதல் இரண்டு கிழமை பார்ப்பது மட்டும். மூன்றாம் கிழமையிலிருந்து பக்கத்தில் ஆள் நிற்கச் செய்வது. நான்கு கிழமை முடியுமுன் இரவு 7 முதல் காலை 7 வரையான டியூட்டி வேண்டாம். இரவில் கேட்க ஆள் இல்லை, அந்த 12 மணித்தியாலத்தில் பிடித்த பிழைப்பழக்கம் வருடக்கணக்கில் போகாது.

கையொப்பமிட வேண்டிய வேலைகள் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும்: கவனிப்புத் தாள், தற்கொலை பற்றிய பேச்சு, கொந்தளிப்பைத் தணித்தல், ஊசிக்குப் பின் கண்காணிப்பு, நீண்டகால ஊசி, லிதியம் மற்றும் குளோசபின், மின்னதிர்வுச் சிகிச்சைக்குத் தயார்செய்தல், வீட்டுக்கு அனுப்புதல். ஒவ்வொன்றையும் மூன்று முறை கண்முன் செய்துகாட்டிய பிறகே கையொப்பம். வகுப்பில் ஸ்லைட் காட்டி வருகைப் பதிவேட்டில் கையொப்பம் வாங்குவது பயிற்சி ஆகாது. தணித்தலை நடித்துத்தான் பழக வேண்டும். ஒரு சிற்றூழியர் கோபக்காரராக நடிக்கட்டும், அவர்கள் அபாரமாகச் செய்வார்கள். சிற்றூழியரையும் அதே பயிற்சியில் சேருங்கள், பல வாட்டுகளில் நோயாளியோடு அதிக நேரம் இருப்பவர் அவர்தான்.

வேறு வாட்டில் ஆள் குறையும்போதெல்லாம் மனநல வாட்டிலிருந்து புதியவரை இழுப்பது வழக்கம். 90 நாளுக்குள் அதை அனுமதிக்காதீர்கள், மேட்ரனிடம் எழுத்தில் கேளுங்கள். சிங்களம் மட்டும் தெரிந்த புதியவருக்குத் தமிழில் 30 வாக்கியம், தமிழ் மட்டும் சரளமானவருக்குச் சிங்களத்தில் 30 வாக்கியம் எழுதிக் கொடுங்கள். “வலிக்குதா?”, “குரல் கேட்குதா?”, “பயமா இருக்கா?” போன்றவை போதும்.

புதியவர் அடி வாங்கினாலோ, கவனிப்பில் இருந்த ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டாலோ, அறிக்கை எழுத வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். முதலில் காயத்தைப் பாருங்கள், பிளேன்டீ ஒன்று கொடுங்கள், தனியே பஸ்ஸில் போக விடாதீர்கள். அறிக்கை எழுதும்போது மூத்தவர் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் வாசகத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். அன்றிரவு ஒரு முறை, அடுத்த டியூட்டிக்கு முந்தின நாள் ஒரு முறை ஃபோன் எடுங்கள். “நாளைக்கு வாறீங்கதானே?” என்று கேட்காமல், “நாளைக்கு எந்தப் பக்கம் நிக்க விருப்பம்?” என்று கேளுங்கள். திரும்பி வரும் முதல் நாள் அதே கட்டில் பக்கத்தில் அவரைத் தனியே நிறுத்த வேண்டாம்.